அடிக்கல் பாதுகாப்பு மண்டபம்

புரூனோ வெரார்தி என்ற இத்தாலி தேசத்துக் கட்டடக் கலைஞர் எங்கள் தென்காசிக்கு வந்தபோது அவருக்குத் தலை நிறையக் கருகருவென்று முடி. திரும்பிப் போனபோது பாதி நரைத்து, பாதி கொட்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டங்களை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சால்வைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சந்தன மாலைகளை மாட்ட அவர் குடியிருந்த வீட்டுச் சுவரில் இடம் போதவில்லை. கட்டிய கட்டடம் மட்டும் ஒன்றே ஒன்று. அதுவும் மனுஷர்கள் யாரும் உள்ளே போகக்கூடாத கட்டடம்.

ஒரு கலைஞனுடைய உத்தியோக வாழ்க்கை இத்தனை சிரத்தையாக நிர்வகிக்கப்பட்டதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெருமை முழுவதும் மாகாணப் பொதுக் கட்டட மேன்மைக் குழுவைச் சேரும்.

மேன்மைக் குழு சென்னையில் இருந்தது. கட்டடம் கட்டுவது அதன் வேலை அல்ல. அதற்கு வேறு ஆட்கள் உண்டு. கட்டப்போகும் கட்டடம் மேன்மையாக இருக்குமா என்று பார்ப்பது மட்டும்தான் இவர்கள் பொறுப்பு. கட்டி முடித்த கட்டடத்தில் ஒழுகல், விரிசல் என்று ஏதாவது தெரிய ஆரம்பித்துவிடும். கட்டாத கட்டடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த உண்மையைக் குழு சீக்கிரமே கண்டுகொண்டது.

இந்தக் குழுவிடம்தான் போய் மாட்டினார் துல்கர்னைன். தென்காசியில் நாலைந்து தறி போட்டு, சின்னதாக ஜவுளிக் கடையும் வைத்திருந்தவர். அவர் மனைவி ராபியாவுக்கு இரண்டாம் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அந்த நாளில் கத்தி வைத்துப் பிள்ளை எடுக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்குத்தான் ஓட வேண்டும். வாடகைக் கார் ஆலங்குளத்தைத் தாண்டுமுன் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் மூத்தவள் நூருன்னிசா, பால் பல் விழுந்த வாயோடு, தம்பியா தங்கச்சியா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

இலஞ்சி ரோட்டில் அவருக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருந்தது. அதை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

"எம் பொஞ்சாதிக்கு நடந்தது இன்னொரு வீட்ல நடக்கக் கூடாது, சார். பிரசவத்துக்கு ஒரு ஆசுபத்திரி கட்டித் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

வேறொன்றும் வேண்டாம் என்று சொன்னதுதான் அவர் செய்த தப்பு. ஆஸ்பத்திரி தவிர மற்ற எல்லாம் கிடைத்தது.

மேன்மைக் குழுவின் தலைவர் ஹரிஹரசுப்பிரமணியன், பெரிய பதவிகளிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "சாய்ந்த பிறகும் விழாமல் நிற்கிற கோபுரத்தைக் கட்டிய தேசம் இத்தாலி. நேராகக் கட்ட நம்மிடமே ஆள் இருக்கிறது. நமக்குத் தேவை இத்தாலியர்" என்று அவர் சொன்னதும் குழு ஏகமனதாகக் கைதட்டியது. கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் படம் போட்டு மிலான் நகரத்தில் பரிசு வாங்கிய இளைஞர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. அப்படித்தான் 1956 ஆனி மாதத்தில் வெரார்தி, சுருட்டிய படங்களும் ஒரு குடையுமாக எங்கள் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்.

இடத்தைப் பார்வையிடக் குழுவும் வந்தது. குற்றாலத்தில் பங்களாவில் தங்கினார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றார்கள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார்கள். சாயங்காலம், காதோரம் எண்ணெய் மினுங்க, சாரலில் குடை பிடித்துக்கொண்டு தோப்புக்கு வந்தார்கள். தலைவர் தம் பூட்ஸைத் தரையில் வைத்து அழுத்தினார். பூட்ஸ் புதைந்தது.

"ஈரம்" என்றார். காரியதரிசி அதை எழுதிக்கொண்டார்.

மழை பெய்கிறபடியால் ஈரமாக இருக்கிறது என்று வெரார்தி ஆங்கிலத்தில் பணிவாக எடுத்துச் சொன்னார்.

"காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஈர மண்ணில் மேன்மை நிற்காது. காய்ந்த மண்ணைக் குழு கண்ணால் பார்த்தபின்தான் கட்ட உத்தரவு தர முடியும். அடுத்த விஜயத்தில் பார்க்கலாம்."

அடுத்த விஜயம் அடுத்த வருஷம் ஆனி மாதம். அருவி விழாத மாதத்தில் குழு எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது.

வந்தது வந்தோம் என்று அன்றைக்கே அடிக்கல்லை மட்டும் நாட்டிவிட்டார்கள். ஈரத்தில் அடிக்கல் நாட்டலாமா என்று துல்கர்னைன் கேட்டார். "கட்டுவதற்குத்தான் காய்ந்த மண் வேண்டும். கல் நாட்ட ஈர மண்தான் தோது. தோண்டச் சுலபம்" என்று காரியதரிசி விளக்கினார். தலைவர் பேசினார்:

"பெரியோர்களே, தாய்மார்களே! ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டிவிடுவது பெரிய காரியமல்ல. செங்கல்லும் சுண்ணாம்பும் இருந்தால் யாரும் கட்டிவிடலாம். கட்டாமல் காத்திருப்பதற்குத்தான் பொறுமை வேண்டும், பண்பாடு வேண்டும். அந்தப் பண்பாடு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். துல்கர்னைனும் தட்டினார். பெரிய மனுஷர் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறு சாரலுக்குள் அவர் ஒரு யோசனை பண்ணி வைத்திருந்தார். "சார், பங்குனில வந்து பாருங்க. மண்ணு பொரிகடலை மாதிரி காஞ்சு கெடக்கும்" என்றார்.

"பங்குனியில் அருவியில் தண்ணீர் இருக்குமா?" என்று கேட்டார் தலைவர்.

"அப்ப எங்கன சார் இருக்கும்?"

"தண்ணீர் இல்லாத ஊருக்கு எதற்குப் போனீர்கள் என்று தணிக்கையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?"

"நெலத்தைப் பாக்க வந்தோம்னு சொல்லலாமே சார்."

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "நீங்கள் வியாபாரி. அரசாங்கம் உங்களுக்குப் புரியாது" என்றார்.

துல்கர்னைன் சளைக்கவில்லை. பங்குனி மண்ணை ஒரு டப்பாவில் அடைத்துச் சென்னைக்கே கொண்டுபோய்க் காட்டினார். அது மண்தானே தவிர நிலம் ஆகாது என்றார்கள். இன்னொரு வருஷம் சித்திரையிலேயே தோப்பில் கீற்றுப் பந்தல் போட்டு, ஒரு சொட்டு விழாமல் தரையைக் காயவைத்து வைத்திருந்தார். குழு பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தது. துல்கர்னைன் வீட்டு இடியாப்பத்தையும் கறிக் குழம்பையும் மனதாரப் புகழ்ந்தது. போகும்போது, பந்தல் நிழல் விழுவதால் மண் இயற்கையாகக் காய வழியில்லை என்று எழுதிக்கொண்டு போனது. நாமே நாலு சுவர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, மேன்மைக்காக ஒதுக்கப்பட்ட இடத்தில் சாதாரணக் கட்டடம் எழுப்புவது குற்றம் என்று தெரிவித்தது.

அடிக்கல் மட்டும் சாரலுக்குச் சாரல் தவறவில்லை. ஒவ்வொரு வருஷமும் வேறொரு பிரமுகர் கூட வருவார். அவர் பெயர் போட்ட கல் இல்லாவிட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு. பழைய கல்லைப் பிடுங்கினால் பழையவருக்கு மரியாதைக் குறைவு. ஆகவே கற்கள் வரிசையாக நின்றன.

வெரார்தியின் உத்தியோகமும் கூடவே வளர்ந்தது. முதலில் ஆலோசகர், பிறகு தலைமை ஆலோசகர், அதற்குப் பிறகு மேன்மை ஆலோசகர். கூடப் படித்தவர்கள் மிலானில் பள்ளிக்கூடமும் பாலமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் தென்காசியில் சால்வையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். துல்கர்னைன் கடையில் வந்து உட்கார்ந்து உட்கார்ந்து எங்கள் பேச்சும் அவருக்குப் படிந்துவிட்டது.

"ஊரப் பாக்கப் போயிரலாம்லா தம்பி? ஒங்களுக்கென்ன தலையெழுத்தா?" என்று ஒருநாள் துல்கர்னைன் கேட்டார்.

"கட்டுதேன்னு சொல்லிட்டு வந்தேன் அண்ணாச்சி. மாலை போடுதாவ, பேசுதாவ. ஒரு செங்கல்ல எடுத்து வைக்க விடமாட்டேங்காவ. ஒண்ணுகூடக் கட்டாம எந்த மூஞ்சியோட அங்கன போய் எறங்கட்டும்?" என்றார் வெரார்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நூரு வளந்துட்டா. நாளைக்கு அவளுக்கும் பிரசவம் வரும்லா?" என்றார்.

இருவருக்கும் நெஞ்சில் கிடந்த முள் அதுதான். அதை அவர் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்குத் துல்கர்னைன் கடையைச் சீக்கிரமாக அடைத்துவிட்டார்.

குழுவுக்கு அவசரம் என்ற ஒன்று வந்ததே கிடையாதா என்று கேட்கலாம். ஒரு தடவை வந்தது. வருஷக்கணக்காகச் சாரலில் நனைந்த முதல் அடிக்கல்லில் பாசி ஏறி, தலைவர் பெயரில் ஹரிஹரன் மறைந்து சுப்பிரமணியன் மட்டும் எஞ்சியிருந்தார். தலைவர் குனிந்து பார்த்தார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் எங்கள் ஊர் பார்த்தது.

"கற்கள் நனைகின்றன! உடனே ஒரு மண்டபம் எழுப்ப வேண்டும்" என்றார்.

மண் காய வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். "இது கட்டடமல்ல, கற்களுக்குப் போர்வை. தவிரவும், கற்கள் ஏற்கெனவே இந்த மண்ணில்தான் நிற்கின்றன. ஆகவே மண் சோதிக்கப்பட்டாயிற்று" என்றார். பணத்துக்கும் அங்கேயே அனுமதி கிடைத்தது. தாய்மார்களுக்குக் கிடைக்காத கூரை கல்லுக்குக் கிடைத்ததில் எங்களில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம்.

வெரார்தி மட்டும் நேரே இலஞ்சிக்குப் போனார். அங்கே பிருஹதாம்பாள் என்று ஒரு லேடி டாக்டர், ஊர் ஊராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, வந்து தங்கியிருந்தார். பிரசவம் பார்க்க உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் எனக்கு எதுக்கு? பகல் வெளிச்சம் பளிச்சுன்னு விழற மாதிரி ஒரு ரூம். ஓடற தண்ணி. இடுப்பு உசரத்துல ஒரு மேடை. கத்தியும் கையும் எங்கிட்ட இருக்கு" என்றார் பிருஹதாம்பாள்.

வெரார்தி மண்டபத்துக்குப் படம் போட்டார். குழு படத்தைப் பார்த்தது.

"வடக்கே இத்தனை பெரிய ஜன்னல்கள் எதற்கு?"

"கல்லெழுத்து நிழல் விழாமல் தெரிவதற்கு."

"குழாய்?"

"கல்லைக் கழுவ."

"இடுப்பு உயரத்தில் இந்த மேடை?"

"கல்லை அதன்மேல் சாய்த்து வைத்தால் பெரியவர்கள் குனியாமல் தங்கள் பெயரைப் படிக்கலாம்."

தலைவர் நெகிழ்ந்துபோய் அவரைத் தழுவிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத வெரார்தி தாம் சொன்ன பொய்களை நினைத்து அன்று முழுக்க வேர்த்துக்கொண்டிருந்தார். சாரல் முடிந்து குழு ரயில் ஏறியதும் கற்களை இறக்கிச் சுவரோரம் வைத்துவிடலாம். மறு சாரல் வரை அது பிரசவ அறை. இதுதான் அவர் கணக்கு.

மறு கோடையில் மண்டபம் எழுந்தது. வெரார்தி கொத்தனார்களோடு சாந்துச் சட்டி தூக்கினார். வெயிலில் செக்கச்செவேலென்று கன்றிப்போனார். அவர் பாடிக்கொண்டே வேலை செய்ததை அந்தச் சில மாதங்கள்தான் நாங்கள் கேட்டோம். யாக்கூப் என்ற பையனுக்கு நூருன்னிசாவைக் கட்டிக் கொடுத்து அப்போதுதான் சில மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. அவள் ஒருநாள் வாப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளையடித்த அறையில் வெளிச்சம் மெத்தென்று விழுந்துகிடந்தது. குழாயைத் திறந்தாள், தண்ணீர் கொட்டியது. மேடையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"கல்லுக்கா வாப்பா இவ்வளவு அழகாக் கட்டியிருக்காவ?" என்றாள்.

துல்கர்னைன் வெரார்தியைப் பார்த்தார். வெரார்தி உதட்டில் விரல் வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "இங்கன படுத்தா பயமே வராது" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

திறப்பு விழா அந்தச் சாரலில் நடந்தது. கற்கள் மேடைமேல் ஏறின. வெறுமனே சாய்த்து வைத்தால் சறுக்கும் என்று காரியதரிசிக்குத் தோன்றியது. கையோடு கூட்டிவந்த ஆட்களை விட்டு அடியில் சிமெண்டு பூசச் சொன்னார். அன்று காற்று வடக்கேயிருந்து வீசியது. ஜன்னல் வழியே சாரல் உள்ளே அடித்தது. "ஈரம்!" என்றார் தலைவர். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைக்க உத்தரவாயிற்று. குழாயைப் பார்த்தார். "தண்ணீர் ஈரத்துக்குத் தாய். ஈரம் பாசிக்குத் தாய்" என்றார். குழாய் மூடப்பட்டது. இரும்புக் கதவு வந்தது. பூட்டுப் போட்டு அரக்கு வைத்துச் சாவியைச் சென்னைக்கு எடுத்துப் போனார்கள். பரமசிவன் என்றொரு ஆளைக் காவலுக்குப் போட்டார்கள். எதைத் திறக்கக் கூடாது என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வெரார்தி தலைவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். ஜன்னலையாவது விட்டுவிடச் சொன்னார்.

"உங்கள் படைப்பின்மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் புரிகிறது. ஆனால் கட்டடம் கலைஞனுக்குச் சொந்தமல்ல, குழுவுக்குச் சொந்தம். இன்று முதல் நீங்கள் எங்கள் ஆயுட்கால ஆலோசகர்!" என்று தலைவர் சால்வை போர்த்தினார்.

அடுத்த ஐப்பசியில் நூருன்னிசா முழுகாமல் இருந்தாள். துல்கர்னைன் சென்னைக்கு நடையாய் நடந்தார். ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு மேடை, கொஞ்ச நாளைக்குப் போதும் என்றார். கோரிக்கை நியாயமானது, வரும் சாரலில் குழு நேரில் வந்து பரிசீலிக்கும் என்றார்கள். "பிள்ளை சித்திரைல பொறந்துருமே சார்" என்றார். அதற்கு அவர்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். பிள்ளை பிறப்பது அவர்கள் இலாகாவில் வரவில்லை.

நம்பிக்கை விட்டுப்போய், பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி பக்கமாக ஒரு வீடு பேசினார். பங்குனி கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே தங்கிவிடுவதாக ஏற்பாடு. பாத்திரம் பண்டமெல்லாம் கட்டி வைத்தாயிற்று. அதற்கு முன்பே ஒரு முற்பகலில் வலி எடுத்துவிட்டது.

பிருஹதாம்பாள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "குறுக்கே கிடக்கு. பாளையங்கோட்டை வரைக்கும் தாங்காது. இங்கேயே கத்தி வைக்கணும்" என்றார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தறியும் நூல் தூசியுமாக அடைந்து கிடந்தது. "இங்கே வெச்சு அறுத்தா சீழ் பிடிச்சே செத்துப்போவா. மண்டபத்துக்குக் கொண்டு போங்கோ."

வெரார்தி சைக்கிளில் முன்னால் பறந்தார். குதிரை வண்டியில் நூருன்னிசா பின்னால் வந்தாள். வழியெல்லாம் தரை வெடித்துக் கிடந்தது. குழு கண்ணால் பார்க்க விரும்பிய காய்ந்த மண் அதுதான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின தூரம்வரை அதுதான் கிடந்தது.

பரமசிவன் எழுந்து நின்றான். பூட்டையும் அரக்கையும் பார்த்தான். வண்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டான். "பிள்ள குட்டிக்காரன் சாமி நான், வேல போயிரும்" என்று அழுதான். அழுதுகொண்டே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து, முதல் அடியை அவனே போட்டான்.

இரும்புக் கதவு லேசில் விடவில்லை. அது விட்டபோது வண்டியில் விரித்த ஜமுக்காளம் நனைந்திருந்தது. வெரார்தி உள்ளே பாய்ந்து, தாம் வைத்த ஜன்னலில் மற்றவர்கள் வைத்த செங்கல்லைப் பெயர்த்தார். கை கிழிந்து ரத்தம் வழிந்தது. ஒரு ஆள் நுழையும் அளவு ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது. குழாயைத் திருகினார்கள், வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டு வந்தார்கள். மேடைமேல் இருந்த கற்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேன்மைக் குழு செய்த வேலைகளிலேயே உறுதியாக நின்றது அந்தச் சிமெண்டுப் பூச்சு ஒன்றுதான்.

தரையில் படுக்க வைத்தார்கள். பிருஹதாம்பாள் வயசான முழங்காலை மடக்கிக்கொண்டு, கொஞ்சம் வெளிச்சத்தில் குனிந்தார். "மேடை மட்டும் இருந்தா என் கை இப்படி நடுங்காதே" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். துல்கர்னைன் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். இருட்டில் மேடையும் அதன்மேல் வரிசையாக உருவங்களும் தெரிந்தன.

"மேல யாரு வாப்பா இருக்கா?"

"பெரிய மனுஷங்க, மவளே."

"எறங்கச் சொல்லுங்க வாப்பா" என்றாள்.

குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. ரத்தம் நிற்கவில்லை. அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நூருன்னிசா போய்விட்டாள். துல்கர்னைன் அழவில்லை. எழுந்துபோய், கற்களில் ஒன்றைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றார். வெரார்திதான் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். அந்த இத்தாலிக்காரர் ஊரே பார்க்கச் சத்தம் போட்டு அழுதார். இதை எழுதும்போது எனக்கும் முடியவில்லை. ஆனால் மேன்மைக் குழுவின் அடுத்த விஜயத்தைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது.

1964 சாரலில் குழு வழக்கம்போல் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பங்களாவில் கூட்டம் போட்டது. நிலம் கொடுத்தவர் என்ற முறையில் துல்கர்னைனையும் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தையைத் தம் தங்கை ஷரீபுன்னிசாவிடம் விட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார். பரமசிவனை வேலையை விட்டு நீக்கிய செய்தி முதலில் வாசிக்கப்பட்டது. பிறகு தலைவர் எழுந்தார்.

"அன்பர்களே! இரண்டு துயரச் சம்பவங்கள் நம் மண்டபத்தில் நிகழ்ந்திருக்கின்றன. ஒன்று, ஓர் இளந்தாயின் மரணம். மற்றொன்று, பூட்டு உடைப்பு. கட்டடமில்லாததால் அந்தத் தாய் இறந்தார் என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. அவர் ஒரு கட்டடத்துக்குள்தான் இறந்தார். அதுவும் உலகப் புகழ்பெற்ற கலைஞர் கட்டிய கட்டடம். இப்படிப்பட்ட பாக்கியம் இந்த ஜில்லாவில் வேறு எந்தத் தாய்க்கும் கிட்டியதில்லை. ஜன்னலில் ஒரு பகுதி உடைந்திருந்தாலும் கற்களுக்கு ஒரு கீறலும் இல்லை என்பதை ஆறுதலோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்த அம்மையாரின் நினைவாக, வாசலிலேயே ஒரு புதிய அடிக்கல் நாட்டக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு நமது ஆயுட்கால ஆலோசகர் படம் போட்டுத் தருவார்."

எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். நேரம் குறைவாக இருந்ததால் தாய்க்கும் பூட்டுக்கும் ஒரே மௌனமாக முடித்துக்கொண்டார்கள்.

துல்கர்னைன் வாயைத் திறந்தார். "புதுசாக் கல்லு வேண்டாம் சார். மேடைல இருக்கத எறக்கிட்டாப் போதும். இனிமே வாரவளுகளுக்காவது ஆவும்" என்றார்.

"கல் நாட்டத்தான் குழுவுக்கு அதிகாரம். எடுக்க அதிகாரமில்லை" என்றார் தலைவர். அதையும் காரியதரிசி எழுதிக்கொண்டார்.

வெரார்தி எழுந்தார். அன்று காலை போர்த்திய புதுச் சால்வையை உருவி நாற்காலி முதுகில் போட்டார். பேசப் போகிறார் என்று நினைத்துச் சிலர் கைதட்டத் தயாரானார்கள். அவர் துல்கர்னைன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்த ரயிலில் ஊருக்குப் புறப்படுவதாக வழியில் சொன்னார். "சரி, தம்பி" என்றார் துல்கர்னைன். "போறதுக்கு முன்னால புள்ளயப் பாத்துட்டுப் போங்க." எந்தப் பிள்ளையை என்று அவர் கேட்கவில்லை.

இருவரும் நூருன்னிசாவை அடக்கம் செய்த மையவாடிக்குப் போனார்கள். அவள் கபர்மேல் சின்னப் புல் முளைத்திருந்தது. தலைமாட்டில் நட்ட மீசான் கல், விடாத மழையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சாஞ்சிருக்கு, அண்ணாச்சி" என்றார் வெரார்தி.

அந்தப் பக்கத்துக் குட்டிச் சுவரில் கிடந்த மண்வெட்டியை எடுத்துவந்தார். கல்லைச் சுற்றிக் கிளறிவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தார். ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார். துல்கர்னைன் மண்ணைத் தள்ளித் தள்ளி மிதித்தார். மேளமில்லை, மாலையில்லை, யார் பெயரும் அதில் பொறித்திருக்கவில்லை. துல்கர்னைன் கையேந்திப் பாத்திஹா ஓதினார். வெரார்தி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, கல்லைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார்.

சாரல் விழுந்துகொண்டே இருந்தது. காலடியில் மண் சொதசொதவென்று ஈரம். கொஞ்ச நேரம் கழித்து வெரார்தி மெல்லக் கையை எடுத்துப் பார்த்தார். கல் நின்றது.